வெளி ஏபிஐ வேலை செய்கிறதா? கர்ல் சோதனையிலிருந்து அலர்ட் வரை முழுமையான வழிகாட்டி

பணம் செலுத்தும் பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஓடிபி போய்ச் சேரவில்லை. வரைபடம் வரவேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் கட்டம். கோளாறு உங்கள் கோடில் (நிரலில்) இல்லாமல், நீங்கள் நம்பியிருக்கும் வேறொரு நிறுவனத்தின் ஏபிஐயில், அதாவது உங்கள் புரோகிராம் அவர்களின் சேவையைக் கூப்பிடும் வாசலில் இருக்கலாம். ஆனால் பயனர் திட்டுவது உங்களைத்தான். பிரச்சினை நம்முடையதா, அவர்களுடையதா என்பது முதல் ஐந்து நிமிடத்துக்குள் தெரிந்தாக வேண்டும்.

"ஏபிஐ அப்பா டவுனா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அந்தக் கேள்வியே கொஞ்சம் கோணல். பெரிய ஏபிஐ ஒன்று முழுசாகப் படுத்துவிடுவது அபூர்வம். ஒரு எண்ட்பாயிண்ட் (ஒரு வேலைக்கான முகவரி) மட்டும் செத்திருக்கும்; ஒரு ரீஜனில் (சர்வர்கள் இருக்கும் ஒரு வட்டாரத்தில்) மட்டும் திணறும்; உங்கள் கீ (உங்களை அடையாளம் காட்டும் ரகசியச் சாவி) மட்டும் காலாவதியாகியிருக்கும்; இல்லையென்றால் பதில் ஒழுங்காக வரும், பன்னிரண்டு விநாடி கழித்து. என் சர்வர் இருக்கும் இடத்திலிருந்து, என் கீயோடு, எனக்கு வேண்டிய வேலையை, நான் காத்திருக்கக்கூடிய நேரத்துக்குள் இது செய்து கொடுக்கிறதா? கேட்க வேண்டியது இதைத்தான்.

படி 1: சரியான இடத்திலிருந்து சோதியுங்கள்

உங்கள் லேப்டாப்பில் வேலை செய்கிறது என்பதற்குப் பெரிய மதிப்பு இல்லை. ஏபிஐயைக் கூப்பிடுவது சர்வர்தான். அதற்கு வேறு ஐபி, வேறு டிஎன்எஸ், வேறு ஃபயர்வால், நடுவில் ஒரு ப்ராக்ஸிகூட இருக்கலாம். சில நிறுவனங்கள் முன்பே பதிவு செய்த ஐபிகளை மட்டும்தான் உள்ளே விடும். சர்வர் புது ஐபிக்கு மாறிய நாளில் ஏபிஐ "டவுன்" ஆனது போலவே தெரியும். எனவே சர்வருக்குள் நுழைந்து, முடிந்தால் அப்ளிகேஷன் ஓடும் அதே கண்டெய்னருக்குள் (அதைத் தனியாக அடைத்து ஓட்டும் பெட்டிக்குள்) இருந்தே சோதியுங்கள். பிறகு லேப்டாப்பிலிருந்தும் ஒருமுறை. இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் ஏபிஐயை விட்டுவிட்டு உங்கள் நெட்வொர்க்கைப் பாருங்கள்.

பிரவுசர் பக்கத்திலிருந்து ஜாவாஸ்கிரிப்ட் வழியாகச் சோதிக்கும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். அந்த ஏபிஐ உங்கள் தளத்துக்கு கோர்ஸ் (வேறொரு தளத்தின் பக்கத்திலிருந்து கூப்பிட விடும்) அனுமதி தராவிட்டால், ஜாவாஸ்கிரிப்டில் கூப்பிட உதவும் ஃபெட்ச் தோல்வி என்று சொல்லும். சர்வர் உண்மையிலேயே செத்திருந்தாலும் அதே தோல்விதான். இரண்டையும் உங்கள் ஸ்கிரிப்டால் பிரித்துப் பார்க்க முடியாது.

பிங் கட்டளையும் அப்படித்தான். பல நிறுவனங்கள் பிங் அனுப்பும் ஐசிஎம்பி பாக்கெட்டுகளையே தடுத்து வைத்திருக்கின்றன. பிங் தோற்றாலும் ஏபிஐ ஜோராக ஓடிக்கொண்டிருக்கும். பிங் ஜெயித்தாலும் பதில் சொன்னது, முன்னால் நின்று பதில்களின் நகலைப் பரிமாறும் சிடிஎன் மட்டுமாக இருக்கலாம். வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார் என்பதற்காக மேனேஜர் சீட்டில் இருக்கிறார் என்று சொல்லிவிட முடியுமா?

படி 2: கர்ல் வைத்து அடுக்கடுக்காகப் பிரியுங்கள்

கட்டளை வரியிலிருந்து இணைய முகவரிகளைக் கூப்பிட 1998 முதல் இருந்துவரும் கர்ல் இந்த வேலைக்கு இன்னும் முதல் கருவி. ஒரு ஏபிஐ அழைப்பு நான்கு கட்டங்களைத் தாண்டிப் போகிறது: பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ், டிசிபி இணைப்பு, அதைப் பிறர் படிக்காதபடி பூட்டும் டிஎல்எஸ் கைகுலுக்கல், கடைசியாக எச்டிடிபி கேள்வியும் பதிலும். எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பதை கர்ல், முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோடு மூலமே சொல்லிவிடும். 6 என்றால் பெயருக்கு ஐபி கிடைக்கவில்லை. 7 என்றால் இணைக்க முடியவில்லை. 28 என்றால் டைம்அவுட், காத்திருக்கும் நேரம் தீர்ந்தது. 35 என்றால் டிஎல்எஸ் கைகுலுக்கல் முறிந்தது. 60 என்றால் சர்டிபிகேட்டை நம்ப முடியவில்லை. இந்த ஐந்தும் மனப்பாடமாக இருந்தால் பாதி நேரம் மிச்சம்.

ஒரு பொறி இருக்கிறது. சர்வர் 500 என்று திருப்பினாலும் கர்லைப் பொறுத்தவரை அது வெற்றிதான், எக்ஸிட் கோடு 0. பதில் வந்துவிட்டதே! ஸ்கிரிப்டில் வைத்துச் சோதிப்பதாக இருந்தால் "ஃபெயில்" விருப்பத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 400 அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்டேட்டஸ் கோடு (பதிலோடு வரும் முடிவு எண்) வந்தால் அப்போது 22 என்று தோல்வி காட்டும்.

டிஎன்எஸ்ஸில் தடுக்கினால் உடனே ஏபிஐக்காரரைக் குறை சொல்லாதீர்கள். வேறொரு ரிசால்வரிடம் (பெயருக்கு ஐபி தேடித் தரும் சர்வரிடம்) அதே பெயரைக் கேட்டுப் பாருங்கள், எல்லோருக்கும் திறந்திருக்கும் 1.1.1.1, 8.8.8.8 இரண்டும் இதற்கு வசதி. அவர்களிடம் விடை இருந்து உங்கள் சர்வரில் மட்டும் இல்லையென்றால் கோளாறு உங்கள் பக்கம். எங்கு கேட்டாலும் இல்லை என்றால் விஷயம் பெரியது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் 6 மணி நேரம் மறைந்துபோனது இப்படித்தான். பராமரிப்பின்போது போன ஒரு தவறான கட்டளை அவர்களின் டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்தது. டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் பிஜிபி வழிகளும் (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் பாதைகளும்) இணையத்திலிருந்து விலகிக்கொண்டன. சர்வர்கள் இருந்தன, அவை எங்கே என்று சொல்ல ஆள் இல்லை.

டிஎல்எஸ் கட்டத்தில் விழுந்தால் சர்டிபிகேட்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள், கூடவே உங்கள் சர்வரின் வயதையும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தரும் சர்டிபிகேட்டுகளுக்கு ஆதாரமாக இருந்த பழைய ரூட் (மூலச் சர்டிபிகேட்) ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஏபிஐகளும் சர்டிபிகேட்டுகளும் சரியாகவே இருந்தன. புதிய ரூட்டை அறியாத சர்வர்களும், டிஎல்எஸ்ஸுக்கான ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளின் பழைய வெர்ஷன் வைத்திருந்த சர்வர்களும் மட்டும் "நம்ப முடியவில்லை" என்று கையை விரித்தன. சர்டிபிகேட் சோதனையையே அணைத்துவிட்டு வண்டியை ஓட்டுபவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சர்வரின் நம்பிக்கைப் பட்டியலைப் புதுப்பியுங்கள்.

இப்போது நேரக் கணக்கு. கர்லின் "ரைட்-அவுட்" விருப்பத்தில் நேம்லுக்அப், கனெக்ட், ஆப்கனெக்ட், ஸ்டார்ட்-டிரான்ஸ்ஃபர், டோட்டல் ஆகிய ஐந்து நேரங்களை அச்சிடச் சொல்லலாம். உதாரணத்துக்கு இப்படி வருகிறது என்று வையுங்கள்:

நேம்லுக்அப் 0.004
கனெக்ட் 0.031
ஆப்கனெக்ட் 0.092
ஸ்டார்ட்-டிரான்ஸ்ஃபர் 9.870
டோட்டல் 9.874

எல்லாமே தொடக்கத்திலிருந்து எண்ணும் விநாடிகள். அதனால் ஒன்றிலிருந்து முந்தையதைக் கழித்துப் படிக்க வேண்டும். டிஎன்எஸ்ஸுக்கு 4 மில்லிவிநாடி, இணைப்புக்கு 27, டிஎல்எஸ்ஸுக்கு 61. அதுவரை எல்லாம் சுத்தம். அப்புறம் முதல் பைட் வர ஒன்பதே முக்கால் விநாடிக்கு மேல். நெட்வொர்க் பக்கம் குற்றம் இல்லை. கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது, உள்ளே எங்கோ மாட்டியிருக்கிறது, பெரும்பாலும் அவர்களின் டேட்டாபேஸ் பக்கம். இதே எண்களில் கனெக்ட் மட்டும் 5 விநாடி என்றிருந்தால் கதையே வேறு, ஃபயர்வாலையும் நெட்வொர்க் வழியையும் தேட வேண்டியிருக்கும். அவர்களின் சப்போர்ட்டுக்கு எழுதும்போது "ஸ்லோவாக இருக்கிறது" என்பதைவிட இந்த ஐந்து வரிகளுக்கு உடனே பதில் வரும்.

படி 3: ஸ்டேட்டஸ் கோடு சொல்வதைக் கேளுங்கள்

பதில் வந்துவிட்டது என்றால் நெட்வொர்க் கட்டம் முடிந்தது. 401, 403 இரண்டும் டவுன் அல்ல. கீ, டோக்கன், அனுமதி இவற்றில் ஏதோ ஒன்று. கையெழுத்திட்ட ரிக்வெஸ்ட் கேட்கும் ஏபிஐகளில் உங்கள் சர்வர் கடிகாரம் தவறினாலும் 403 வரும். அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3 15 நிமிட வித்தியாசம் வரைதான் பொறுக்கும். நேற்றுவரை ஓடிய எண்ட்பாயிண்ட் இன்று 404 தந்தால் பழைய வெர்ஷனை மூடிவிட்டார்களா என்று பாருங்கள். 429 என்றால் நீங்கள்தான் அதிகம் கூப்பிடுகிறீர்கள். அப்போது மறுபடி மறுபடி தட்டுவது எரிகிற தீயில் எண்ணெய். பதிலோடு வரும் குறிப்பான ரிட்ரை-ஆஃப்டர் ஹெடரில் எத்தனை விநாடி போட்டிருக்கிறதோ அத்தனை விநாடி சும்மா இருங்கள்.

5இல் தொடங்குபவை அவர்கள் பக்கம். 500 என்றால் அவர்கள் கோடு விழுந்திருக்கிறது. உங்கள் குறிப்பிட்ட டேட்டாவுக்கு மட்டும் விழுகிறதா என்று வேறொரு உள்ளீடு கொடுத்துப் பாருங்கள். 502, 504 இரண்டிலும் முன்னால் நின்று அழைப்புகளை உள்ளே அனுப்பும் கேட்வே நலம், பின்னால் இருப்பது ஒழுங்கான பதிலை நேரத்துக்குத் தரவில்லை. 503 என்றால் தாங்க முடியாத சுமை அல்லது பராமரிப்பு.

தொடர்பே இல்லாத நான்கைந்து ஏபிஐகள் ஒரே நிமிடத்தில் 503 என்றால் ஒவ்வொன்றாகத் தோண்டாதீர்கள், பொதுவான அடுக்கு ஒன்று போயிருக்கும். 2021 ஜூன் 8 அன்று ஃபாஸ்ட்லி சிடிஎன் விழுந்தபோது செய்தித் தளங்கள் முதல் அரசுத் தளங்கள் வரை ஒன்றாக 503 காட்டின. ஒரு வாடிக்கையாளர் முறையாகவே செய்த செட்டிங் மாற்றம், மென்பொருளில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பக்-ஐ எழுப்பிவிட்டதுதான் காரணம்.

படி 4: 200 வந்தால் மட்டும் போதாது

ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்லாக் வெப் ஏபிஐ டோக்கன் தவறாக இருந்தாலும் 200 கொடுக்கும். உள்ளே "ஓகே" என்ற புலத்தில் ஃபால்ஸ் என்றிருக்கும், பக்கத்தில் காரணம் இருக்கும். கிராஃப்க்யூஎல் என்ற கேள்வி மொழியில் பேசும் ஏபிஐகளில் 200க்குள் "எர்ரர்ஸ்" பட்டியல் வருவது சாதாரணம். பராமரிப்பு அறிவிப்பை 200 கோடோடு எச்டிஎம்எல் பக்கமாக அனுப்பும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள். ஸ்டேட்டஸ் கோடை மட்டும் பார்க்கும் மானிட்டர் இந்த மூன்றுக்கும் பச்சை விளக்கு காட்டும்.

அதனால் பதிலைத் திறந்து பாருங்கள். பதிலின் வகையைச் சொல்லும் கன்டென்ட்-டைப், ஜேசன் (புலம் புலமாக எழுதும் டேட்டா வடிவம்) தானா? நீங்கள் நம்பியிருக்கும் புலம் இருக்கிறதா? விடை முன்பே தெரிந்த ஒரு கேள்வியைக் கேட்பது இன்னும் நல்லது. நாணய மாற்று ஏபிஐ என்றால் போன வருடத்தின் ஒரு குறிப்பிட்ட நாளின் மதிப்பைக் கேளுங்கள். எண் மாறக் கூடாது. கூடவே இன்றைய மதிப்பின் தேதியையும் பாருங்கள். மூன்று நாள் பழைய டேட்டாவை அசராமல் 200 என்று தந்துகொண்டிருக்கும் ஏபிஐ என் கணக்கில் டவுன்தான்.

கேஷையும் மறக்க வேண்டாம். சிடிஎன்னில் சேமித்து வைத்த பதில் வந்தால் உள்ளே சர்வர் செத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பதிலில் "ஏஜ்" ஹெடர் இருந்து அதில் எண் ஏறிக்கொண்டே போனால் அது பழைய நகல். 401க்கும் இதே எச்சரிக்கை: கீ இல்லாமல் கூப்பிட்டு 401 வாங்கினால் கேட்வே விழித்திருக்கிறது என்று மட்டும் பொருள். பல இடங்களில் அந்தப் பதில் உள் சர்வர் வரை போகாமல் கேட்வேயிலேயே திரும்பிவிடும்.

ஹெடர்களை மட்டும் கேட்கும் ஹெட் முறையில் சோதித்தால் டேட்டா மிச்சம் என்று சொல்வார்கள். உண்மைதான், ஆனால் சில ஏபிஐகள் ஹெட் கேட்டால் 405, அதாவது இந்த முறைக்கு அனுமதி இல்லை என்று தரும். பதிலின் உடலும் கிடைக்காது. முழுப் பதிலையும் கேட்கும் சிறிய கெட் அழைப்பே மேல்.

படி 5: ஸ்டேட்டஸ் பேஜைப் பாருங்கள், ஆனால் கடைசியாக

தங்கள் சேவை ஓடுகிறதா என்று நிறுவனமே காட்டும் ஸ்டேட்டஸ் பேஜ் பொய் சொல்வதில்லை, தாமதமாகப் பேசும். பல இடங்களில் மனிதர் ஒருவர் உறுதி செய்த பிறகுதான் நிறம் மாறும். சில நேரம் மாற்றவே முடியாது. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசான் எஸ்3 அமெரிக்காவின் ஒரு ரீஜனில் விழுந்தபோது, அவர்களின் ஸ்டேட்டஸ் டாஷ்போர்டை மாற்றும் கருவியே எஸ்3யை நம்பியிருந்தது. கோளாறு நடந்துகொண்டிருக்க, பக்கத்தில் பச்சை டிக்குகள் வரிசையாக நின்றன. ட்விட்டரில்தான் தகவல் சொன்னார்கள்.

ஆனாலும் பயன் உண்டு. கிட்ஹப் உட்பட நிறைய நிறுவனங்களின் ஸ்டேட்டஸ் பேஜ் அட்லாசியனின் ஸ்டேட்டஸ்பேஜ் சேவையில் ஓடுகிறது. அந்த வகைப் பக்கங்களில் "ஏபிஐ", "வி2", "ஸ்டேட்டஸ் டாட் ஜேசன்" என்று பாதை போட்டால் இயந்திரம் படிக்கும் பதில் கிடைக்கும். அதில் நன், மைனர், மேஜர், கிரிட்டிகல் என்று ஒரு குறியீடு இருக்கும். இதை உங்கள் டாஷ்போர்டில் பக்கத்தில் வையுங்கள். முடிவெடுக்கும் இடத்தில் வைக்காதீர்கள்.

படி 6: டைம்அவுட் போடாத சோதனை சோதனையே அல்ல

பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் நீங்கள் சொல்லாவிட்டால் டைம்அவுட் கிடையாது. மறுமுனை ஊமையாகிவிட்டால் உங்கள் புரோகிராமும் அங்கேயே நிற்கும். ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச்சும் அப்படியே, நீங்கள்தான் அழைப்பை நிறுத்தச் சொல்லும் அபார்ட் சிக்னல் கொடுக்க வேண்டும். கர்ல் இணைப்புக்கு மட்டும் 300 விநாடி வரை காத்திருக்கும். மொத்த அழைப்புக்கு வரம்பே இல்லை.

இணைப்புக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று இரண்டு டைம்அவுட் வையுங்கள். இணைப்புக்கு 2 அல்லது 3 விநாடி தாராளம். பதிலுக்கு எவ்வளவு என்பதை அந்த ஏபிஐயின் வழக்கமான வேகம் முடிவு செய்யட்டும். நூறில் 99 அழைப்பு 800 மில்லிவிநாடிக்குள் முடிகிறது என்றால் 2 அல்லது 3 விநாடிக்கு மேல் காத்திருந்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. பயனர் அதற்குள் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்திருப்பார், உங்களுக்கு இரட்டைச் சுமை.

படி 7: மானிட்டரை ஓட விடுங்கள்

கையால் சோதிப்பது கோளாறு வந்த பிறகு. வருவதற்குமுன் தெரிய ஒரு மானிட்டர் வேண்டும். நீங்களே நடத்துவதாக இருந்தால் அப்டைம் குமா போதும், நிறுவுவது சுலபம். அளவீடுகளைச் சேகரிக்கும் ப்ரோமீதியஸ் ஏற்கெனவே வைத்திருந்தால், வெளி முகவரிகளைச் சோதிக்கும் அதன் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டரைச் சேருங்கள். வெளிச் சேவை என்றால் அப்டைம்ரோபாட் போன்றவை உண்டு. எதை எடுத்தாலும் பதிலின் உடலில் ஒரு சொல்லையோ ஜேசன் புலத்தையோ சரிபார்க்கும் வசதியை இயக்குங்கள், இல்லையென்றால் படி 4 வீண்.

எந்த எண்ட்பாயிண்ட்டை வைப்பது? அவர்களின் "ஹெல்த்" எண்ட்பாயிண்ட் கைக்கு எளிது. ஆனால் அது பெரும்பாலும் தன் புரோசஸ் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லும். உங்கள் வருமானம் எதில் தொங்குகிறதோ அதற்கு மிக அருகில் உள்ள, எதையும் மாற்றாத அழைப்பைத் தேர்ந்தெடுங்கள். பணம் பிடிக்கும் அழைப்பை மானிட்டரில் வைக்க முடியாது. பழைய பரிவர்த்தனை ஒன்றைத் தேடிப் பார்க்கும் அழைப்பை வைக்கலாம். சாண்ட்பாக்ஸில் (பழகிப் பார்க்கத் தரும் சோதனைச் சூழலில்) சோதித்துத் திருப்தியடைய வேண்டாம், அது பல இடங்களில் தனி சர்வர்.

எத்தனை நேரத்துக்கு ஒருமுறை என்பது கோட்டாவை (உங்களுக்கு அனுமதித்த அழைப்பு எண்ணிக்கையை) பொறுத்தது. நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் 30 நாளில் 43,200 அழைப்பு. மூன்று இடங்களிலிருந்து என்றால் 1,29,600. அழைப்புக்குக் காசு வாங்கும் ஏபிஐயில் இது பில்லாக வந்து நிற்கும். மானிட்டருக்குத் தனி கீ வாங்கிக்கொள்ளுங்கள், படிக்க மட்டும் அனுமதியுள்ளதாக. ஆனால் நிஜ கீ காலாவதியானால் அந்த மானிட்டருக்குத் தெரியாது. அதை அடுத்த படி பிடிக்கும்.

ஒரு தோல்விக்கெல்லாம் யாரையும் தூக்கத்திலிருந்து எழுப்பாதீர்கள். இரண்டு இடங்களிலிருந்து, தொடர்ந்து மூன்று முறை தோற்றால் அலர்ட் என்று வைத்தால் பெரும்பாலான பொய் அலர்ட்டுகள் போய்விடும். வேகம் குறைவதற்கும் தனி அலர்ட் வேண்டும். பல ஏபிஐகள் விழுவதற்குமுன் தள்ளாடும். மானிட்டர் ஓடும் இடமும் உங்கள் அப்ளிகேஷன் ஓடும் இடமும் ஒரே கிளவுட், ஒரே ரீஜன் என்றால், அந்த ரீஜன் போகும்போது காவல்காரனும் சேர்ந்து போய்விடுவான்.

படி 8: நிஜ அழைப்புகளே சிறந்த சோதனை

ஒவ்வொரு அழைப்புக்கும் முன் "இருக்கிறாயா?" என்று கேட்டுவிட்டுப் பிறகு கூப்பிடும் கோடு நிறையக் காணக் கிடைக்கிறது. அது நேரத்தை இரட்டிப்பாக்கும், வேறெதற்கும் உதவாது. கேட்டதற்கும் கூப்பிட்டதற்கும் நடுவில் அது விழலாம். எப்படியும் தோல்வியைக் கையாளும் கோடு எழுதித்தான் ஆக வேண்டும். எழுதிவிட்டால் முன்சோதனை எதற்கு?

நேராகக் கூப்பிடுங்கள், முடிவை எண்ணுங்கள். எண்ட்பாயிண்ட்வாரியாக எத்தனை வெற்றி, எத்தனை டைம்அவுட், எத்தனை 5-வரிசை, எவ்வளவு நேரம். பயனர்கள் வந்துகொண்டே இருக்கும் தளத்தில் மானிட்டரைவிட இந்த எண்ணிக்கை முந்திக்கொண்டு சொல்லும். இதன் மேல் சர்க்யூட் பிரேக்கர் வைக்கலாம்: தோல்வி விகிதம் எல்லை தாண்டினால் கொஞ்ச நேரம் கூப்பிடுவதையே நிறுத்தி, உடனே மாற்றுப் பதில் கொடுத்து, 30 விநாடிக்கு ஒருமுறை ஒற்றை அழைப்பை மட்டும் விட்டுப் பார்க்கும். அது ஜெயித்தால் மறுபடி எல்லா அழைப்புகளையும் விடும். மறுமுயற்சி செய்வதாக இருந்தால் இடைவெளியை 1, 2, 4, 8 விநாடி என்று ஏற்றுங்கள், கொஞ்சம் தற்செயலான வித்தியாசமும் சேருங்கள். இல்லையென்றால் எழுந்துவரும் ஏபிஐயை எல்லோரும் ஒரே நொடியில் சேர்ந்து மறுபடி சாய்த்துவிடுவீர்கள். பணம், ஆர்டர் போன்ற அழைப்புகளை ஐடெம்பொட்டன்சி கீ (ஒரே வேலை இரண்டு முறை நடக்காமல் காக்கும் அடையாள எண்) இல்லாமல் மறுமுயற்சி செய்யவே வேண்டாம். டைம்அவுட் ஆன அழைப்பு மறுமுனையில் நிறைவேறியிருக்கலாம்.

கண்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்நெட்டிஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வெளி ஏபிஐ சோதனையை, கண்டெய்னர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் உங்கள் லைவ்னஸ் ப்ரோபுக்குள் வைக்காதீர்கள். அவர்கள் விழுந்தால் உங்கள் கண்டெய்னர்கள் ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருக்கும். அவர்களின் கோளாறு உங்கள் முழுத் தளத்தின் கோளாறாக வளர்ந்து நிற்கும்.

படி 9: வாக்குறுதியைக் கணக்குப் போடுங்கள்

99.9 சதவீத நேரம் ஓடும் என்று எஸ்எல்ஏ (சேவைத் தர ஒப்பந்தம்) சொன்னால் 30 நாளில் 43 நிமிடம் விழுந்திருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. 99.99 என்றால் 4 நிமிடம் 19 விநாடி. உங்கள் ஒரு பக்கம் திறக்க இப்படிப்பட்ட 99.9 ஏபிஐகள் ஐந்து தேவை, ஒவ்வொன்றும் தனித்தனியாக விழும் என்றால், மொத்தம் சுமார் 99.5. மாதத்துக்கு மூன்றரை மணி நேரத்துக்கு மேல். இந்த எண்ணைப் பார்த்த பிறகுதான் எந்த ஏபிஐக்கு மாற்று வழி வேண்டும், எதற்குப் பழைய பதிலைக் காட்டினால் போதும் என்று பலர் யோசிக்கவே தொடங்குகிறார்கள். எஸ்எல்ஏவையும் ஒருமுறை முழுசாகப் படியுங்கள். அறிவித்த பராமரிப்பு நேரம் பெரும்பாலும் கணக்கில் வராது. ஈடு கேட்க உங்களிடமே ஆதாரம் இருக்க வேண்டும்.

படி 10: கோளாறு அவர்களுடையது என்று உறுதியானால்

சப்போர்ட்டுக்கு முதல் மடலிலேயே எல்லாம் போகட்டும்: தொடங்கிய நேரம் யுடிசியில், எண்ட்பாயிண்ட், ஸ்டேட்டஸ் கோடு, உங்கள் வெளி ஐபி, தோற்ற இரண்டு மூன்று அழைப்புகளின் ரிக்வெஸ்ட் ஐடி, கர்லின் ஐந்து நேரங்கள். ரிக்வெஸ்ட் ஐடி பதிலின் ஹெடரில் இருக்கும், தோல்விகளுக்கு அதை லாகில் சேமியுங்கள். கர்லின் வெர்போஸ் அச்சை ஒட்டுவதற்குமுன் ஆத்தரைசேஷன் வரியை அழியுங்கள். அவசரத்தில் கீயை அப்படியே அனுப்பிவிட்டால் உடனே அந்தக் கீயை மாற்றுங்கள்.

சில "டவுன்"கள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வருபவை. மூடப்போகும் எண்ட்பாயிண்ட்டுக்கு "சன்செட்" என்ற ஹெடரில் தேதி போட்டு அனுப்பும் முறை 2019 முதல் இருக்கிறது. உங்கள் கோடு அதைப் பார்த்தால் லாகில் எச்சரிக்கை எழுதும்படி ஒரு வரி சேருங்கள். ஆனால் எல்லோரும் இந்த ஹெடரை அனுப்புவதில்லை. வெர்ஷன் மூடும் அறிவிப்பு பலருக்கு மடலில்தான் வரும். ஏபிஐ கணக்கில் பதிந்திருக்கும் மின்னஞ்சல் எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவருடையதா என்று இன்றே பாருங்கள். குழுவின் பொது முகவரிக்கு மாற்ற இரண்டு நிமிடம் ஆகும்.